ஜயண்ட் ஸ்டெப்ஸில் அந்தப் பியானோ இடம்: உங்களுக்கு என்ன கேட்கிறது?

ராத்திரி ரேடியோ

வணக்கம். கொஞ்ச நாளாக மனசில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். நான் வாத்தியம் எதுவும் வாசிப்பவன் இல்லை. ஜாஸ் கேட்கத் தொடங்கி ஆறேழு வருடம் இருக்கும், அதுவும் ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனில். ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டில் ஆரம்பித்து, எல்லோரையும் போல அங்கிருந்து சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்குப் போனேன்.

போன வாரம் பியானோ வாசிக்கும் சிநேகிதன் ஒருவன் வந்திருந்தான். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' போட்டேன். கிட்டத்தட்ட முதல் மூன்று நிமிடம் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் கொட்டித் தீர்க்கும், அப்புறம் பியானோ வரும். அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அடைமழை விட்டுத் தூறலான மாதிரி, முதலில் கொஞ்சம் ஓடிப் பார்த்து, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கட்டைகள் மட்டும், நடுவில் நிறைய இடைவெளி. "இந்த இடம் எவ்வளவு நிம்மதியா இருக்கு பாரு" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "நிம்மதியா? அந்த மனுஷன் அங்கே தவிச்சிட்டிருக்காருடா. எனக்கு ஒவ்வொரு தடவையும் வயித்தைப் பிசையும்" என்றான்.

ஒரே அறை, ஒரே ஸ்பீக்கர். எனக்குத் தூறல், அவனுக்குத் தவிப்பு. இத்தனை வருடமாக நான் கேட்டது தப்பா? வாசிப்பவர்கள் இந்த மாதிரி கடினமான ஜாஸில் என்னதான் கேட்கிறார்கள்? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நாலாம்கம்பி

நண்பரே, பேஸ் வாசிப்பவன் நான். உங்கள் சிநேகிதர் சொன்னது சரி, நீங்கள் கேட்டதும் பொய் இல்லை. முதலில் அவருக்கு ஏன் வயிற்றைப் பிசைகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 290 பீட்டை ஒட்டியது. பெரும்பாலும் இரண்டு பீட்டுக்கு ஒரு கார்ட் (சேர்ந்தே ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) மாறுகிறது, அதாவது ஒரு கார்ட் அரை வினாடிகூட நிற்பதில்லை. சரி, வேகம் மட்டும் என்றால் பழகிவிடலாம். மாறுகிற கார்டுகள் ஒரே குடும்பத்தில் இல்லை என்பதுதான் சிக்கல். பாட்டு பி, ஜி, ஈ ஃப்ளாட் என்று மூன்று கீக்களுக்கு நடுவே தாவிக்கொண்டே இருக்கும். ஸ்தாயியை மூன்று சம பங்காக வெட்டினால் வரும் மூன்று இடங்கள் அவை. நம் வழக்கில் சொன்னால் முதலில் ஸ, அப்புறம் சுத்த தைவதம் ஸ ஆகிவிடுகிறது, அப்புறம் அந்தர காந்தாரம் ஸ ஆகிவிடுகிறது. பதினாறு பார் (நான்கு பீட் ஒரு பார்) ஒரு சுற்று, பதின்மூன்று வினாடி சொச்சத்தில் முடிந்துவிடும், அதற்குள் ஒன்பது பத்து தடவை ஆதாரமே இடம் மாறுகிறது. ஒன்றரை வினாடிக்கு ஒரு தடவை யாரோ தம்பூராவின் கட்டையை மாற்றிக்கொண்டே இருக்க, நீங்கள் கல்பனா ஸ்வரம் பாட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்ட்ரேன் இந்தத் தாவலை மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து சாதகம் செய்தவர். 1959 மே மாதம் ஸ்டூடியோவில் பியானோவில் உட்கார்ந்த டாமி ஃபிளானகனுக்கு அந்த அவகாசம் இல்லை. அவர் அப்போதே பெரிய கை, சாதாரண ஆள் இல்லை. வலது கையால் ஓடத் தொடங்குகிறார், வழி தவறுகிறது, விடுகிறார், கார்டுகளை மட்டும் தொட்டுத் தொட்டு இடத்தைத் தக்கவைத்துக்கொள்கிறார். அப்புறம் கோல்ட்ரேன் திரும்ப உள்ளே வருகிறார். வாசிப்பவர் எவருக்கும் இது நடந்திருக்கும், மேடையில் தரை நழுவுவது எப்படி இருக்கும் என்று விரல்களுக்குத் தெரியும். உங்கள் சிநேகிதர் கேட்டது அந்த ஞாபகத்தையும் சேர்த்துத்தான். ஃபிளானகன் 1982-இல் கோல்ட்ரேன் நினைவாக 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' என்றே ஒரு இசைத்தட்டு போட்டு அதே பாட்டை அருமையாக வாசித்தார். அதையும் கேளுங்கள், மனசு ஆறும்.

இன்னொன்று. நீங்கள் தொடங்கிய 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் அதே 1959 தான், மார்ச்சிலும் ஏப்ரலிலும் பதிவானது. அதிலும் கோல்ட்ரேன் இருக்கிறார், பேஸில் அதே பால் சேம்பர்ஸ் இருக்கிறார். அதன் முதல் பாட்டு 'சோ வாட்' பதினாறு பார் முழுக்க ஒரே ஸ்கேலில் நிற்கும், எட்டு பார் ஒரே ஒரு ஸ்வரஸ்தானம் மேலே போகும், திரும்பவும் எட்டு பார் பழைய இடம். சில வார இடைவெளியில் அதே ஆட்கள் பாதிப் பேர் இரண்டு எதிர்முனைகளில் நிற்கிறார்கள். ஒன்றில் கேட்பவருக்கு உட்கார இடம் இருக்கிறது, மற்றதில் வாசிப்பவருக்கே இல்லை.

கடைசி வரிசை

நாலாம்கம்பி சார், உங்கள் விளக்கத்தை இரண்டு தடவை படித்தேன், அருமை. ஆனாலும் ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரிப் பேச்சு வரும்போதெல்லாம் வாசிப்பவர்கள் முழுசாகக் கேட்கிறார்கள், எங்களைப் போன்றவர்கள் மேலோட்டமாகக் கேட்கிறோம் என்ற இடத்தில்தான் வந்து நிற்கிறது. எனக்குக் கார்ட் தெரியாது, ஸ்கேல் தெரியாது. ஆனால் ஆல்பர்ட் ஆய்லரின் 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' எனக்கு மனப்பாடம். 1964-இல் பதிவானது, மூன்றே பேர், அரை மணி நேரம்கூட இல்லை. ரயிலில் நின்றுகொண்டே முழுசாகக் கேட்டுவிடலாம்.

அதில் 'கோஸ்ட்ஸ்' என்று ஒன்று. தொடக்க மெட்டு ஒரு குழந்தைகூட முணுமுணுக்கிற மாதிரி, ஊர்ப் பாட்டு மாதிரி இருக்கும். அடுத்த நிமிடமே அந்த மெட்டு கிழிந்துபோகும், சாக்ஸபோன் கத்தும், நடுங்கும், மூச்சு முட்டும். எங்கள் ஊரில் எழவு வீட்டில் பாட்டிகள் ஒப்பாரி வைக்கும்போது முதல் வரி ராகமாக வரும், மூன்றாவது வரியில் தொண்டை உடைந்துவிடும், ஆனால் பாட்டு நிற்காது, உடைந்த தொண்டையோடேயே போய்க்கொண்டிருக்கும். அவர்கள் சுருதி பார்த்தா அழுதார்கள்? நான் முதல் தடவை ஆய்லரைக் கேட்டபோது எனக்கு எதுவும் புதிதாக இல்லை. இதைக் 'கடினமான' இசை என்று சொல்கிறார்கள் என்பதே பிறகுதான் தெரிந்தது.

1967 ஜூலையில் கோல்ட்ரேன் இறந்தபோது நியூயார்க்கில் அவருடைய இறுதிச் சடங்கில் ஆய்லர் வாசித்தார். அதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, வேறு யார் வாசித்திருக்க முடியும் என்றுதான் தோன்றியது.

மூச்சுக்குழல்

கடைசி வரிசை அக்கா சொன்னதை வைத்து நான் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பல வருடமாக சாக்ஸபோன் வாசிக்கிறேன், ஆய்லரை என்னால் நீண்ட காலம் கேட்கவே முடியவில்லை. காதுக்கு முன்னால் வாய் கேட்டுவிடுகிறது, அதுதான் எங்கள் சங்கடம். யாராவது சுருதி விலகி ஊதினால் என் உதடு தானாக இறுகும், ரீடைச் சரிசெய்யப் போகிற மாதிரி. முதல் இரண்டு வருடம் முழுக்க எதைச் செய்யாதே என்று கற்றுக்கொடுத்தார்களோ அதையெல்லாம் அந்த மனிதர் வேண்டுமென்றே செய்கிறார். அக்காவுக்கு ஒப்பாரி கேட்ட இடத்தில் எனக்குத் தப்புகளின் பட்டியல்தான் கேட்டது. அப்புறம் ஒரு நாள் அந்தச் சத்தத்தை நானே ஊதிப் பார்க்க முயன்றேன். ஒரே குழாயில் ஒரே மூச்சில் இரண்டு மூன்று ஸ்வரத்தைப் பிளந்து நிறுத்துவது, நினைத்த நேரத்தில் உடைப்பது, நினைத்த நேரத்தில் அந்தக் குழந்தை மெட்டுக்குத் திரும்புவது. முடியவில்லை. அன்றைக்குத்தான் கேட்கத் தொடங்கினேன்.

இதுதான் ஆர்னெட் கோல்மன் கதையும். 1959 நவம்பரில் நியூயார்க்கில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன இடத்தில் அவருடைய நால்வர் குழு வாசிக்கத் தொடங்கியது. கையில் வெள்ளை பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸபோன். கூட டான் செர்ரியின் குட்டி ட்ரம்பெட், சார்லி ஹேடனின் பேஸ், பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ். பியானோ இல்லை. இரண்டு வாரத்துக்கு ஏற்பாடான கச்சேரி இரண்டு மாதத்துக்கு மேல் ஓடியது. ஊரில் இருந்த வாத்தியக்காரர்கள் எல்லாம் வந்து கேட்டார்கள், கேட்டுவிட்டு இரண்டாகப் பிரிந்தார்கள். பியானோக் கலைஞர் ஜான் லூயிஸ் தூக்கி வைத்துக்கொண்டாடினார், மேற்கத்திய செவ்விசை நடத்துநர் லியனர்ட் பெர்ன்ஸ்டைன் பரவசப்பட்டார். ட்ரம்பெட் மேதை ராய் எல்ட்ரிட்ஜ் நம்பவே இல்லை. மைல்ஸ் டேவிஸும் அப்போது கடுமையாகத்தான் பேசினார். காது இல்லாதவர்களா இவர்கள்? அந்த ஊரிலேயே கூர்மையான காதுகள். ஆனால் அந்தக் காதுகள் பியானோ போடும் கார்டைப் பிடித்துக்கொண்டே நடந்து பழகியவை. கைப்பிடியை எடுத்துவிட்டால் முதலில் தடுமாறுவது அதைப் பிடித்துப் பழகியவர்தானே.

அடுத்த வருடக் கடைசியில் அவர் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' இசைத்தட்டைப் பற்றி டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகை 1962 ஜனவரியில் இரண்டு விமர்சனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. ஒருவர் ஐந்து நட்சத்திரம், மற்றவர் ஒன்றுமே இல்லை, பூஜ்யம். இரண்டு பேரும் அதையே தொழிலாகக் கேட்டவர்கள். அதனால் இதை வாசிப்பவர், வாசிக்காதவர் என்று இரண்டாகப் பிரிப்பது எனக்கு முழுசாகப் பொருந்தவில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம், அது இல்லாவிட்டால் என்ன செய்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

தோல்கருவி

மூச்சுக்குழல் அண்ணன் சொன்ன கைப்பிடி எனக்குப் பிடித்திருக்கிறது. அதையே தாளத்துக்கு நீட்டுகிறேன். நான் மிருதங்கம் கற்றவன், டிரம்ஸ் இப்போதுதான்.

டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' வந்தபோது அமெரிக்கக் காதுகளுக்கு ஐந்து எண்ணிக்கை புதுசு. பால் டெஸ்மண்ட் எழுதியது, 1959-இல் 'டைம் அவுட்' தட்டில் வந்தது. அந்தத் தட்டையே வெளியிடக் கம்பெனிக்குள் தயக்கம் இருந்ததாம். என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே தலையாட்டினார், அவ்வளவுதான். கண்ட சாபு கேட்டு வளர்ந்தவருக்கு அது ஒரு விஷயமே இல்லை (இது மூன்றும் இரண்டுமாகப் பிரியும், நாம் இரண்டும் மூன்றும் போடுவோம், அது ஒன்றுதான் வித்தியாசம்). அதே அம்மாவுக்கு 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' போட்டால் "ஏன் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறான்" என்கிறார். ஸ நகராத இசையில் வளர்ந்த காது. ஆக, ஒன்றும் தெரியாமல் கேட்கிறேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. எல்லோர் காதிலும் முன்னாலேயே ஏதோ ஏறியிருக்கிறது.

இதற்கு இன்னும் நல்ல உதாரணம் கோல்ட்ரேனே கொடுத்திருக்கிறார். 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் 'இந்தியா' என்று ஒன்றை வாசித்தார். இரண்டு பேஸ் வைத்துக்கொண்டு ஒரே ஆதாரத்தில் கிட்டத்தட்டத் தம்பூரா போல நிற்கவிட்டார், மேலே அவருடைய சோப்ரானோ சாக்ஸபோனும் எரிக் டால்ஃபியின் பேஸ் கிளாரினெட்டும். ரவிசங்கரின் இசையை அவர் ஆழ்ந்து கேட்டுக்கொண்டிருந்த காலம், பிறகு மகனுக்கே ரவி என்று பெயர் வைத்தார். நம்மில் பலருக்கு இது பழகிய வீட்டுக்குள் நுழைவது போல இருக்கும். அதே மாதம் டவுன்பீட்டில் ஒரு விமர்சகர் அதே கோல்ட்ரேன்–டால்ஃபி கூட்டணியை ஜாஸுக்கு எதிரான ஜாஸ் என்று எழுதினார்.

விஜய் ஐயர் என்ற பியானோக் கலைஞரைப் பலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், யேலில் கணிதமும் இயற்பியலும் படித்துவிட்டு பெர்க்லியில் 1998-இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு எதைப் பற்றி என்றால், ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க–அமெரிக்க இசையில் தாளத்தை உடம்பு எப்படி அறிகிறது என்பது. நடை, மூச்சு, கையசைவு இவற்றோடு சேர்த்துத்தான் தாளம் புரிகிறது என்ற பக்கம் நிற்பவர். மூச்சுக்குழல் அண்ணனின் உதடு இறுகுவதும் அக்காவின் தொண்டை அடைப்பதும் எனக்கு இதோடு சேர்ந்துதான் தெரிகிறது.

பழைய தட்டு

எல்லோரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அடியில் ஓடும் பாட்டு தெரியுமா தெரியாதா என்பது.

நான் இசைத்தட்டு சேர்ப்பவன், வாசிப்பவன் இல்லை. சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் 'கோ-கோ' எனக்கு ரொம்ப நாள் வெறும் வேகமாகத்தான் கேட்டது. 1945 நவம்பர் 26-ஆம் தேதி பதிவானது, மூன்று நிமிடம்கூட இல்லை. அது 'செரோக்கி' என்ற பாட்டின் கார்டுகளின் மேல் கட்டியது. செரோக்கி அந்த நாளில் ஊரே ஆடிய பாட்டு, 1939-இல் சார்லி பார்னெட் இசைக்குழுவின் பெரிய ஹிட். கோ-கோவின் முதல் முயற்சியில் அவர்கள் செரோக்கி மெட்டையே வாசிக்கத் தொடங்கிவிட்டு சட்டென்று நிறுத்துவதுகூடப் பதிவில் இருக்கிறது. மெட்டைத் தூக்கிவிட்டார்கள், எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

நான் செய்தது இதுதான். இரண்டு வாரம் செரோக்கியை மட்டும் கேட்டேன், குளிக்கும்போது, நடக்கும்போது எல்லாம் முணுமுணுத்தேன். அப்புறம் கோ-கோவைப் போட்டு, பார்க்கர் வாசிக்க வாசிக்க அதன் மேலே செரோக்கியை வாய்க்குள் பாடினேன். முதல் பத்துத் தடவை பாதி வழியில் தொலைந்தேன். பதினொன்றாவது தடவையோ என்னவோ, பாட்டின் நடுப்பகுதி வரும் இடத்தில் நானும் அவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். கை புல்லரித்துவிட்டது. வெறும் வேகமாக இருந்தது ஒரு பாட்டின் நிழலாகிவிட்டது.

வரலாறும் இதில் இருக்கிறது. 1942 ஆகஸ்ட் முதல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தி வைத்தது, பெரிய கம்பெனிகள் சிலவற்றோடு அது தீர 1944 கடைசி ஆனது. நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் போன்ற கிளப்புகளில் பார்க்கரும் ட்ரம்பெட் கலைஞர் டிசி கில்லஸ்பியும் பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் இந்த இசையை வளர்த்தெடுத்த காலம் அதுதான். ராத்திரி ராத்திரியாக அங்கே இருந்த வாத்தியக்காரர்களுக்கு அது படிப்படியாக வந்தது. வீட்டில் தட்டு வாங்கிக் கேட்ட ஜனங்களுக்கு நடுப்படிகள் கிடைக்கவே இல்லை, திடீரென்று ஒரு நாள் மாடியில் நின்றது. அவர்களுக்குப் புரியவில்லை என்றால் அவர்கள் காதைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர்களுக்காவது செரோக்கி தெரியும். நமக்கு அந்தப் பாட்டும் தெரியாது, நாம் இன்னும் ஒரு படி கீழே நிற்கிறோம்.

மொட்டைமாடி

புதியவன், மன்னிக்கவும். நேராகவே கேட்கிறேன். வாத்தியக்காரர்கள் ஒருவருக்கொருவர் பாராட்டிக்கொள்வதற்காகவே வாசிக்கும் இசையும் இருக்கிறது இல்லையா? பிளக்டு நிக்கல் என்ற கிளப்பில் மைல்ஸ் டேவிஸ் வாசித்த பதிவுகளை ஒருவர் பரிந்துரைத்தார், அதைவிடப் பெரிசு இல்லை என்றார். நான் மூன்று நாள் முயன்றேன். பாட்டு தொடங்குகிறது, கலைகிறது, எங்கேயோ போகிறது, கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுகூடக் கேட்கிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பக்கம்தான் நான் இருந்தேன்.

மூச்சுக்குழல்

தம்பி, நல்ல கேள்வி. அந்தப் பதிவை முதல் வாசலாக யாருக்கும் கொடுக்கக் கூடாது, கொடுத்தவர் மேல்தான் தப்பு.

பின்னணி தெரிந்தால் கொஞ்சம் திறக்கும். 1965 டிசம்பர், சிகாகோ. அந்தக் குழு அதே பாட்டுகளை அதற்கு முன் எத்தனையோ ராத்திரி வாசித்திருக்கிறது. யார் எங்கே ஏற்றுவார், யார் எங்கே தாங்குவார் என்று எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. அந்தச் சௌகரியம் டிரம்ஸ் வாசித்த டோனி வில்லியம்ஸுக்குப் பிடிக்கவில்லை, அவருக்கு அப்போது இருபது வயது. எதிர்பார்ப்பதற்கு நேர் எதிராக வாசிப்போம் என்று அவர் சொன்னதாகக் குழுவில் பியானோ வாசித்த ஹெர்பி ஹான்காக் பிறகு விவரித்திருக்கிறார். உச்சிக்குப் போகும் இடத்தில் அமுக்கிவிடுவது, அமைதி வேண்டிய இடத்தில் கிளப்பிவிடுவது. மைல்ஸிடம் சொல்லவே இல்லை. அவர் எதையும் கேட்காமல் அதற்குள்ளேயே இறங்கி வாசித்தார். பதிவு முழுசாக வெளியே வந்தது 1995-இல்தான்.

இப்போது யோசியுங்கள். எதிர்பார்ப்பை உடைப்பதே அங்கே நடக்கும் காரியம் என்றால், அந்த எதிர்பார்ப்பு உள்ளே இருப்பவருக்குத்தான் உடைவது கேட்கும். அந்தப் பதிவில் வரும் 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' என்ற பாட்டையே மைல்ஸ் 1964-இல் நியூயார்க்கில் வாசித்த பதிவு இருக்கிறது, கிட்டத்தட்ட அதே குழு, சாக்ஸபோன் மட்டும் வேறு ஆள். அதை ஒரு மாதம் கேளுங்கள். பிறகு பிளக்டு நிக்கலுக்கு வாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை, அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கே அதில் சில இடங்கள் சலிக்கும்.

நாலாம்கம்பி

நான் ஒரு அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சில வருடம் முன்பு ஒரு ஹோட்டல் லவுஞ்சில் வாரக் கடைசியில் வாசித்துக்கொண்டிருந்தோம். எங்களிடம் எதிர்பார்த்தது மெல்லிசாகப் பின்னணியில் ஏதோ ஓட வேண்டும், அவ்வளவுதான். ஒரு நாள் கூட்டம் குறைவு, நாங்கள் ஆசைக்கு தெலோனியஸ் மங்கின் 'எவிடன்ஸ்' வாசித்தோம். மெட்டு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒற்றை ஒற்றை அடிகள், எதிர்பாராத இடத்தில் விழும், நடுவில் வெற்றிடம். அதற்கு அடியில் 'ஜஸ்ட் யூ ஜஸ்ட் மீ' என்ற பழைய பாட்டு ஓடுகிறது, நாங்கள் அதை உள்ளே எண்ணிக்கொண்டே போனால்தான் அடிகள் இடத்தில் விழும். வாசித்து முடித்து நான் நினைத்தது இரண்டாவது சுற்றில் ஒரு அடி முந்தி விழுந்ததைப் பற்றி மட்டும்.

பாத்திரம் எடுக்க வந்த பையன் நின்று, "சார், அந்த நடுவுல ஒண்ணு வாசிச்சீங்களே, ஒருத்தர் இருட்டில மாடிப்படி இறங்குற மாதிரி, தடுமாறித் தடுமாறி, ஆனா விழாம, அது என்ன பாட்டு?" என்று கேட்டான். எவிடன்ஸைப் பற்றி அதைவிடச் சரியாக ஒரு வாத்தியக்காரர் சொல்லி நான் கேட்டதில்லை. அவனுக்கு அடியில் ஓடும் பாட்டு தெரியாது. ஆனால் படிக்கட்டு அங்கே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை என்பதைக் கேட்டுவிட்டான்.

நாங்கள் படிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். இறங்கும் ஆளை அவன்தான் பார்த்தான்.

கடைசி வரிசை

நாலாம்கம்பி சார், அந்தப் பையனை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்குப் பாட்டின் பெயரைச் சொன்னீர்களா?

புதிதாகக் கேட்பவர்களுக்கு நானும் ஒன்று சொல்கிறேன், மொட்டைமாடி தம்பிக்கும் சேர்த்து. கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்', 1964 டிசம்பர் 9-ஆம் தேதி பதிவானது. கடைசிப் பகுதி 'சாம்', தாளமே நிலையாக இல்லாமல் சாக்ஸபோன் மெல்ல அலையும், முதல் பார்வையில் பிடிமானமே இல்லாதது. ஆனால் அந்தத் தட்டின் உள் அட்டையில் அவர் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை அச்சாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் வாயால் சொல்லாமல் அந்தக் கவிதையைத்தான் வாத்தியத்தில் வாசிக்கிறார், அசை அசையாக. வரி முடியும் இடத்தில் சாக்ஸபோனும் முடிந்து மூச்சு வாங்கும். இதற்குக் கார்ட் தெரிய வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். நான் விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்திக்கொண்டே கேட்டேன், சின்ன வயதில் பாட்டி தேவாரப் புத்தகத்தில் விரல் வைத்துக் காட்டியது போல.

நாலாம்கம்பி

சொன்னேன் அக்கா. மங்க் என்று எழுதியும் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்து "கேட்டேன் சார், அவரே வாசிக்கிறதில இன்னும் இருட்டா இருக்கு" என்றான்.

ராத்திரி ரேடியோ

இழையைத் தொடங்கிவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நாலாம்கம்பி சார் எழுதியதைப் படித்த ராத்திரியே 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' போட்டேன். தவிப்பு கேட்டது. வலது கை ஓடி நிற்கும் இடம், கார்டை மட்டும் வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கும் இடம், எல்லாம் துல்லியமாகக் கேட்டது. கொஞ்சம் துக்கமாகவும் இருந்தது, என்னுடைய தூறல் போய்விட்டதே என்று. இனி அது எனக்குத் திரும்பக் கிடைக்காது என்று தோன்றுகிறது. ஆனால் ஒன்று புதிதாகக் கிடைத்தது. கோல்ட்ரேன் திரும்ப உள்ளே வரும் இடம் முன்பெல்லாம் எனக்கு மழை மறுபடி பிடித்துக்கொண்ட மாதிரிதான் இருக்கும். இப்போது ஒரு கை நீண்டு வந்து பிடித்துக்கொள்வது போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் வந்தான். இந்த முறை நான் ஆர்னெட் கோல்மனின் 'லோன்லி வுமன்' போட்டேன், அவன் அதை இதுவரை ஒழுங்காகக் கேட்டதே இல்லையாம். கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: டிரம்ஸ் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், பேஸ் கம்பிகள் அடியில் கனமாக முழங்கிக்கொண்டிருக்கும், அதற்கு மேலே சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் மட்டும் அந்த வேகத்தைச் சட்டை செய்யாமல் மெதுவாக, ரொம்ப மெதுவாக அந்த மெட்டைப் பாடும். மூச்சுக்குழல் சார் சொன்னபடி பியானோ இல்லை.

நான் பாட்டைவிட அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை விளிம்பில் விரல்கள் கட்டை தேடுவது போல அசைந்துகொண்டே இருந்தன, ஒன்றை அழுத்தும், இல்லை என்று எடுக்கும், வேறொன்றை அழுத்தும். மெட்டு முடிந்து சாக்ஸபோன் தனியாகப் போகத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் விரல்கள் நின்றுவிட்டன. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பாட்டு முடியும்வரை அது அங்கேயே இருந்தது.